முள் பச்சையில் நிற்க வேண்டும்

"ஜன்னலத் தொறக்காதீங்க!"

விடியற்காலையில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து வாயே திறக்காத சக்தி போட்ட முதல் சத்தம் அதுதான். ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த பிரவுன் டேப்பைப் பாதி உரித்துவிட்ட நாராயணம்மா, சூடு பட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சற்று ஓய்ந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, இத்தினி சனம் உள்ள இருக்குது, மூச்சு முட்டுது. சாவு ஊட்டுல போயி ஜன்னல மூடி வெப்பாங்களா? தேவுடா!" என்றாள் நாராயணம்மா. அவள் வீட்டுக்காரி. முன்னால் இவர்கள் குடியிருக்கும் வீடும் பின்னாலிருக்கும் இந்தப் பட்டறையும் அவளுடையவைதான். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

பொற்கொடி எழுந்தாள். புருஷன் படுத்திருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், உரிந்த டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். வருஷக்கணக்கான பழக்கம், கை தானாகப் போயிற்று. ஒட்டி முடித்த பிறகுதான், அடப்பாவி, இனி யாருக்காக இதை ஒட்டுகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து சக்தி இருமினாள். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, சின்னதாக, ரெண்டே ரெண்டு. அழுகையை அடக்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பொற்கொடி மகளைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் மாடசாமியின் இருமலும் இப்படித்தான் துண்டுக்குள் ரெண்டு ரெண்டாக ஆரம்பித்தது.

மாடசாமி விளாத்திகுளம் பக்கத்து ஆள். ஓசூருக்கு வந்து, இரும்பு வார்க்கும் கம்பெனியில் மர அச்சு செய்யும் தச்சனாகச் சேர்ந்தான். அச்சு செய்ய மெஷின் வந்தது, தச்சர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து யாரோ ஒருவர் கழுத்து ஒடிந்த கிட்டாரைச் சரிபண்ணக் கொடுத்தார். சரிபண்ணியவன் சும்மா இருந்திருக்கலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசையில் முழுசாகப் பிரித்துப்போட்டான். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. அதற்கப்புறம் அவன் வேறு வேலைக்கே போகவில்லை. பொற்கொடி ரோஜாத் தோட்டத்துப் பேக்கிங் ஷெட்டில் பூக் கட்டி வீட்டை ஓட்டினாள். நாள் போகப்போக அவன் செய்த கிட்டாரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றதையும் அவள் பார்த்திருக்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த மரம் இருக்கிறதே, அதைப் போல ஒரு சவலைப் பிள்ளை உலகத்தில் கிடையாது. கிட்டாரின் முகப்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. காற்றில் ஈரம் குறைந்தால் சுருங்கிப் பிளக்கும், கூடினால் உப்பிக்கொள்ளும். பங்குனி வந்துவிட்டால் ஓசூர்க் காற்று உதட்டையே வெடிக்க வைக்கிறது, பலகை எந்த மூலைக்கு? அதனால் மாடசாமி பட்டறையை அடைத்தான். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப், கதவுக்கு அடியில் ரப்பர், உள்ளே அகலமான பேசின்களில் தண்ணீர். தூசியை வெளியே தள்ள வாங்கிய ஃபேனையும், "இது ஈரத்தையெல்லாம் உறிஞ்சிருது" என்று நிறுத்தி, அதன் ஓட்டையில் பிளைவுட் வைத்து ஆணி அடித்தான். சுவரில் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று தொங்கியது. சக்தி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பூசிய பச்சை நகப்பாலிஷை எடுத்து அதில் ஒரு கோடு போட்டு வைத்தான். முள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று அவனுக்குத் தெரியாது, முள் எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

ஈரம் வெளியே போகவில்லை. ஈட்டி மரத்தைத் தேய்த்த தூளும், அழகுக்குப் பதிக்கிற சிப்பியை அறுத்த தூளும்கூட வெளியே போகவில்லை. எங்கே போகும்? அவன் நெஞ்சுக்குள் போயிற்று.

டேப் ஒட்டுகிற வேலை பொற்கொடியுடையது. அவள் ஒட்டினால் இடுக்கு இருக்காது. உள்ளே சுத்தியல் அடித்தாலும், கிட்டாரை மீட்டினாலும் வெளியே துணி துவைக்கும் கல்லுக்குச் சத்தம் வராது. "உங்கம்மா கைக்கிட்ட மெஷினே தோத்துரும்" என்று மாடசாமி மகளிடம் சொல்வான். போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சக்தி அப்பாவோடு பட்டறைக்குள் போனபோது, பொற்கொடி அவளுக்கும் அந்த ஒட்டைச் சொல்லிக் கொடுத்தாள்.

நுரையீரல் தோல் மாதிரி தடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில், ஒரு கேள்வியும் கேட்டார். "அந்த ரூம்ல உங்ககூட வேற யாராச்சும் வேலை செய்றாங்களா?"

"இல்ல சார். நா மட்டுந்தான்" என்றான் மாடசாமி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொற்கொடி திடுக்கிட்டுத் திரும்பினாள். மேஜைக்கு அடியில் அவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். வெளியே வந்ததும் கேட்கலாம் என்று இருந்தாள். வெளியே வந்தபோது அவனால் ஆட்டோ வரைக்கும் நடக்கவே முடியவில்லை. அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரும் மாத்திரையுமாகப் போன நாட்களில் அந்தப் பேச்சு எழவே இல்லை.

இனிமேல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், கட்டிலைப் பட்டறையில் போடச் சொல்லி அடம்பிடித்தான். சாகப்போகிறவனிடம் யார் மல்லுக்கட்டுவது? மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, சக்தி இழைத்துக் கொண்டுவந்த முகப்பலகையைக் காதோரம் வைத்து விரல் மடக்கித் தட்டுவான். கண்ணை மூடிக் கேட்பான். பேச்சு வராது, 'இன்னும் கொஞ்சம்' என்று விரலைக் காட்டுவான். அவள் போய் இன்னும் கொஞ்சம் இழைத்து வருவாள். நேற்றுச் சாயங்காலம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துப் பலகை மேல் வைத்தான். போதும் என்று அர்த்தம். சக்தி அதைக் கிட்டாரின் கூட்டின் மேல் ஒட்டி, சுற்றிலும் கிளாம்ப் போட்டு முறுக்கினாள். விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

அந்தக் கிட்டார்தான் இப்போது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்து மேஜையில், கிளாம்புகளோடு உட்கார்ந்திருந்தது. ஐஸ் பெட்டியின் மோட்டார் வெப்பக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சக்தி மீட்டரை அண்ணாந்து பார்ப்பதும், பேசினில் துண்டை நனைத்துக் கிட்டாருக்கு மேலே கொடியில் போடுவதுமாக இருந்தாள்.

"பாவம், எப்ப எடுப்பாங்கன்னு கடியாரத்தயே பாக்குது புள்ள" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது பொற்கொடி காதில் விழுந்தது. கடிகாரமா அது! அழக்கூட முடியாமல் அவளுக்கு எரிந்தது.

மத்தியானம் எடுத்தார்கள். குளிப்பாட்டும்போது நகக்கண்ணில் ஏறியிருந்த ஈட்டித் தூளின் கருஞ்சிவப்பை எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை. பேக்கிங் ஷெட்டுப் பெண்கள் ஏற்றுமதிக்குத் தேறாத ரோஜாக்களைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினார்கள். கொள்ளி வைக்க மாடசாமியின் அண்ணன் முனிவேல் இருந்தார். தம்பிக்கு முடியவில்லை என்றதும் விளாத்திகுளத்திலிருந்து வந்து, கூடவே கிடந்தவர். நல்ல மனிதர். வாசலில் பாடையைத் தூக்கியபோது பொற்கொடி விழுந்து புரண்டு அழுதாள். அழுத அழுகையில் பாதி போகிறவனுக்கு, மீதி யாருக்கு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. "சிங்கக்குட்டிய விட்டுட்டுப் போயிருக்காரு, அப்பாவாட்டமே கை அதுக்கு" என்று யாரோ தேற்றினார்கள். அந்த வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் வீட்டைக் கழுவினார்கள். நாராயணம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டறைக்குள் குடம் குடமாகத் தண்ணீரை வீசினாள். மேஜைக்கு அடியில், மரத் துண்டுகளுக்குப் பின்னால், மூலை முடுக்கெல்லாம். தண்ணீர் வாசல்படி வழியாக வெளியே வந்தபோது அது தண்ணீராக இல்லை. கருஞ்சிவப்பாக, குழம்பு போல, நுரைத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு குடம் வீசினாள், இன்னும் வந்தது. சாக்கடையில் அது போய் விழுவதைப் பொற்கொடி நின்று பார்த்தாள். தினமும் கூட்டிய இடம்தானே! கூட்டியும் இவ்வளவு இருந்தால், கூட்ட முடியாத இடத்தில் எவ்வளவு இருந்திருக்கும்!

"தேவுடா, எத்தினி மண்ணு!" என்றாள் நாராயணம்மா.

"மண்ணு இல்லக்கா" என்றாள் பொற்கொடி.

உள்ளே சக்தி முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முள் இப்போது பச்சையைத் தாண்டி மேலே போய்விட்டதாம். துடைக்கத் துடைக்க இருமினாள். கூட்டம் கலைந்துவிட்டதால் துண்டால் பொத்தவும் இல்லை.

பொற்கொடிக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை முனிவேல். காரியமெல்லாம் முடிந்தால் அவர் ஊருக்குக் கூப்பிடுவார், பெரியப்பா சொன்னால் மகள் தட்டமாட்டாள், இந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம். குளித்துவிட்டு வந்தவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், எங்க ரெண்டு பேரையும் கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இவ இந்தப் பட்டறையில இருக்க வேணாம். நீங்க சொன்னா கேப்பா."

"வராம பின்ன? அது ஒன் வீடு தாயி" என்றவர் டம்ளரோடு எழுந்து பட்டறைக்குள் போனார். கிளாம்புகளுக்கு நடுவிலிருந்த கிட்டாரைக் குனிந்து பார்த்தார். அதன் விளிம்பில் ஒற்றை விரலை வைத்தார். தம்பி செத்ததற்கு அதுவரை சத்தம்போட்டு அழாத மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

"இத யாரு முடிப்பா?" என்றார்.

"நாந்தான் பெரியப்பா" என்றாள் சக்தி.

"முடிச்சிருவியா?"

"அப்பா தட்டிப் பாத்துச் சரின்னுட்டாரு. இனி என் வேலதான்."

முனிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொற்கொடியிடம் வந்தார். "ஏம்மா, புள்ள எங்கயும் வர வேணாம். இங்கயே செய்யட்டும். எந்தம்பி பேரு நெலைக்கணும்லா? பையன் இருந்தாக்கூட இப்பிடி நிக்க மாட்டான்." பொற்கொடியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி சொன்னார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அந்த இருமல் காதில் விழவில்லை.

அவர் வெளியே போனதும் பொற்கொடி பட்டறைக் கதவைச் சாத்தினாள். இனி யாரைக் கேட்க? நேராகவே கேட்டுவிட்டாள்.

"எத்தன நாளா இருமுற?"

"நெலம் கழுவுன ஈரம்மா."

"எங்கிட்ட நடிக்காதடி. உங்கப்பா இருமுனத நாந்தான கேட்டுட்டுக் கெடந்தேன்!"

சக்தி கிளாம்ப் ஒன்றின் முறுக்கைத் தொட்டுப் பார்த்தாள். "போன மழக்காலத்துலருந்து" என்றாள்.

பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர் கேட்டாரு. வேற யாரு அந்த ரூம்ல இருக்காங்கன்னு கேட்டாரு. அவுக இல்லன்னுட்டாக. பெத்த புள்ளய வெச்சிக்கிட்டு இல்லன்னுட்டாக! அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னையும் பாத்திருப்பாங்கல்ல?"

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே நாந்தான் அப்பாவ அப்டிச் சொல்லச் சொன்னேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. அழுதாரு. நாந்தான் கைல அடிச்சு சத்தியம் வாங்கினேன். டாக்டருக்குத் தெரிஞ்சா என்னையும் பாக்கணும்பாரு, அப்புறம் நீ என்ன உள்ள விட மாட்ட."

மேஜைக்கு அடியில் அவன் கையைப் பிடித்து அழுத்தியது பொற்கொடிக்கு ஞாபகம் வந்தது. பேசாதே என்று மிரட்டியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாவி மனுஷன், அது மிரட்டல் இல்லை. நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கிறான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். அந்தப் பிளைவுட்ட எடுத்துட்டு ஃபேனப் போடலாம். வாசல்ல வெச்சாவது இழைடி" என்றாள். கடைசியில் கெஞ்சலாக வந்தது.

"இது ஒண்ணு மட்டும் முடியட்டும்மா. பலகைய அவரு இந்த ஈரத்துலதான் கேட்டாரு. காத்து மாறுச்சுன்னா அந்தச் சத்தம் போயிரும். அப்புறம் அவரு எங்க இருக்காரு?"

அவனும் ஒவ்வொரு தடவையும் 'இது ஒண்ணு மட்டும்' என்றுதான் சொன்னான்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் புறப்பட்டார்கள். பையன் இல்லாவிட்டால் என்ன என்று முனிவேல் சக்தியையும் கூடக் கூட்டிக்கொண்டு போனார். நாராயணம்மா சமைக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். தாலியறுத்தவள் வெளியே வரக்கூடாது என்று பொற்கொடியை விட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் ரோஜாக் காம்பு வெட்டுகிற கட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனாள். டேப்பை அறுத்தாள். அவள் ஒட்டிய டேப் அவளுக்கே லேசில் வரவில்லை, நகம் பெயர்ந்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். மாடசாமியின் உளியை எடுத்து, ஃபேன் ஓட்டையில் அடித்திருந்த பிளைவுட்டை நெம்பிப் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் முனகி, துருவை உதிர்த்துவிட்டு ஓட ஆரம்பித்தது. பேசின் தண்ணீரையெல்லாம் கொண்டுபோய் வெளியே கொட்டினாள்.

பங்குனி வெயிலின் காற்று உள்ளே வந்தது. சுவரில் தொங்கிய கிட்டார் அச்சுகளெல்லாம் ஆடின. மேஜைக்கு அடியிலிருந்து இழைப்புச் சுருள்கள் கிளம்பி வந்து அவள் காலைச் சுற்றின. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்த அறையில் காற்று! பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். முள் பச்சைக் கோட்டை விட்டு இறங்கியது. இன்னும் இறங்கியது. போ, நல்லா இறங்கு என்று அதனிடம் சொன்னாள்.

சுவரிலிருந்த வெயில் வாசலுக்கு இறங்கும் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமலேயே போய்விடுமோ என்று நினைத்தாள். அப்போது கேட்டது. டிக். சொடக்குப் போடுகிற மாதிரி, அவ்வளவுதான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். முகப்பலகையின் நடுவிலுள்ள வட்டத் துளையிலிருந்து கீழே வரைக்கும் மரத்தின் ரேகையோடு ஒரு மயிர்க்கோடு ஓடியிருந்தது. இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் வந்தபோது, மூடிவிடலாம் என்பது போல அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மனுஷன் கடைசியாக ஆசைப்பட்டுக் காது கொடுத்துக் கேட்ட பொருளைக் கொன்றுவிட்டோமே என்று, நேற்று பாடையைப் பார்த்து அழுததைவிட அதிகமாக, தனியாக அழுதாள்.

சக்தி ஈரத் தலையோடு வந்து வாசலில் நின்றாள். திறந்த ஜன்னல்களைப் பார்த்தாள், ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள், மேஜைக்கு வந்தாள். கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள், கிட்டாரைத் தூக்கிப் போட்டு உடைப்பாள் என்றெல்லாம் பொற்கொடி எதிர்பார்த்திருந்தாள். எது நடந்தாலும் சரி, அதோடு இது முடிந்துவிடும்.

சக்தி குனிந்து அந்தக் கோட்டில் விரலை ஓட்டினாள்.

"ஒட்டிரலாம்மா" என்றாள். "உள்பக்கமா சின்னக் கட்ட ஒண்ணு குடுத்தா நின்னுக்கும். அப்பாவே எத்தனையோ ஒட்டியிருக்காரு."

குரலில் துளி கோபம் இல்லை. பொற்கொடியின் தோளைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்து, துணி துவைக்கும் கல்லில் உட்கார வைத்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பேந்த நகத்துல மஞ்சப் பத்து போடும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஃபேன் நின்றது. ஓட்டையில் பிளைவுட் திரும்பி வந்து உட்கார்ந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடைசி ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் சக்தியின் முகம் தெரிந்தது. டேப்பை நீளமாக இழுத்துப் பல்லால் கடித்து அறுத்து, மேலிருந்து கீழே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தாள். அடிவரைக்கும் வந்தவள் சட்டென்று நிறுத்தி, திரும்பிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தினாள்.

கல்லில் உட்கார்ந்திருந்த பொற்கொடிக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபடி, சக்தி ஒரு இடுக்கு விடாமல் ஒட்டியிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் தோள் மட்டும் குலுங்கியது, ரெண்டு ரெண்டாக.